காட்டுக்கு விலை வந்துவிட்டது. காத்தவர்களின் பங்கு எங்கே?

ஒரு மாநில அரசாங்கம் தன் காட்டை வெட்டாமல் வைத்திருந்தால் அதற்குக் காசு கிடைக்கும் காலம் வந்துவிட்டது. காட்டையும் பல்லுயிர்களையும் பாதுகாக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு அரசாங்கம் நிதி கொடுக்கும் திட்டம் 2019ஆம் ஆண்டு தொடங்கியபோது, அதற்கு ஒதுக்கப்பட்டது 6 கோடி ரிங்கிட். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 25 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. இதைத் தவிர கரிமச் சந்தை என்று ஒன்றும் வந்திருக்கிறது. மரங்கள் உறிஞ்சி வைத்திருக்கும் கரியமில வாயுவை டன் கணக்கில் அளந்து, புகை விடும் நிறுவனங்களுக்கு விற்கும் வியாபாரம் அது. புர்சா மலேசியா 2022 டிசம்பரில் இதற்கென்றே ஒரு சந்தையைத் திறந்தது.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது? நம் நாட்டில் நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் இருக்கின்றன. ஆகவே கூட்டரசு கொடுக்கும் நிதி மாநிலத்துக்குப் போகிறது. அந்தக் காட்டுக்குள் பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முன்பிருந்தே வாழும் ஓராங் அஸ்லி மக்களுக்கு அதில் இத்தனை பங்கு உண்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"இது ஓராங் அஸ்லி பிரச்சினை, குளுவாங் தமிழர்களுக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். ஜொகூர் ஏற்கெனவே ஒரு முறை காட்டுக்கு விலை பேசியிருக்கிறது. அந்தக் கணக்கு நீதிமன்றத்துக்கும் போனது. அதில் கிடைத்த பாடத்தை மறந்துவிட்டு அதே தவற்றை இப்போது இன்னும் பெரிய அளவில் செய்யப் போகிறோமோ என்ற பயம்தான் இதை எழுத வைக்கிறது. பட்டா இல்லாத நிலத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த இன்னொரு சமூகம் இந்த நாட்டில் உண்டென்றால், அது தோட்டத் தமிழர்கள்தான்.

முதலில் அந்தப் பழைய கணக்கைப் பார்ப்போம்.

குளுவாங்குக்குப் பக்கத்து மாவட்டம் கோத்தா திங்கி. அங்கே ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது லிங்கியூ அணை. 1990 நவம்பரில் ஜொகூரும் சிங்கப்பூரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்ட அணை அது. ஜொகூர் ஆற்றிலிருந்து நாள் ஒன்றுக்கு 25 கோடி கேலன் தண்ணீர் எடுக்க சிங்கப்பூருக்கு 1962 ஒப்பந்தம் 2061ஆம் ஆண்டு வரை உரிமை தந்திருக்கிறது. வறட்சியிலும் ஆற்றில் அந்த அளவு நீர் ஓட வேண்டுமென்றால் மேலே ஒரு நீர்த்தேக்கம் தேவைப்பட்டது. அதற்காகவும் நீர்ப்பிடிப்புக்காகவும் எடுக்கப்பட்ட காடு 53,273 ஏக்கர். காட்டின் இழப்புக்கும் வெட்டுமர வருமான இழப்புக்கும் சேர்த்து சிங்கப்பூர் ஜொகூர் அரசாங்கத்துக்குக் கொடுத்தது 32 கோடி ரிங்கிட்.

அந்தக் காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் ஜாக்குன் மக்கள். ஜொகூரில் இருக்கும் ஓராங் அஸ்லி பிரிவுகளில் ஜாக்குன், ஓராங் கானாக், ஓராங் செலேத்தார், ஓராங் குவாலா ஆகியவை அடங்கும். நம் வட்டாரத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஜாக்குன் மக்களைத்தான். லிங்கியூ காட்டை இழந்த அவர்களுக்கு மாநில அரசாங்கம் கொடுத்தது சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் ரிங்கிட். பழ மரங்களுக்கும் பயிர்களுக்குமான இழப்பீடு அது. நிலத்துக்கு எதுவும் இல்லை.

52 குடும்பத் தலைவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அடோங் குவாவ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மொக்தார் சிடின் வழங்கி, 1997ஆம் ஆண்டு சட்ட ஏட்டில் வெளியான அந்தத் தீர்ப்பு ஜாக்குன் மக்களுக்கு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் கொடுக்கச் சொன்னது. 1998ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தொகையை விட, அந்தத் தொகை எதற்காக என்று நீதிபதி பிரித்துச் சொன்ன ஐந்து இழப்புகள்தான் முக்கியம். பாரம்பரிய நிலம் போனது, விரும்பிய இடத்தில் வசிக்கவும் நடமாடவும் இருந்த சுதந்திரம் போனது, காட்டில் கிடைக்கும் பொருள் போனது, தனக்கும் தன் குடும்பத்துக்குமான எதிர்காலப் பிழைப்பு போனது, பிறக்கப் போகும் சந்ததியின் பிழைப்பும் போனது. மரத்தை எண்ணிக் காசு கொடுத்தால் இவற்றில் எது ஈடாகும்? காடு என்பது மரங்களின் எண்ணிக்கை மட்டும் என்றால் 5 லட்சத்து 60 ஆயிரம் சரியாக இருந்திருக்கலாம். நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் கொடுத்த 32 கோடியை 53,273 ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 6,000 ரிங்கிட். நீதிமன்றம் ஜாக்குன் மக்களுக்குக் கொடுக்கச் சொன்னதை வகுத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 500 ரிங்கிட். மாநில அரசாங்கம் முதலில் கொடுத்த தொகைக்கு வகுத்தால் ஏக்கருக்குப் பத்துப் பதினோரு ரிங்கிட்தான் வருகிறது. வெற்றி பெற்ற வழக்கின் கதையே இதுதான்.

அந்த வழக்கில் அடிக்கடி வரும் ஒரு மலாய்ச் சொல்லைப் பற்றி இடையில் சொல்ல வேண்டும். தமிழ் படித்தவனுக்குச் சொற்களை விட்டுப் போக மனம் வராது. ஓராங் அஸ்லி மக்கள் வேட்டைக்கும், பிரம்பு, தேன், பழம் சேர்க்கவும் போய்வரும் காட்டுப் பகுதிக்கு அதிகாரிகள் வைத்திருக்கும் பெயர் 'கவாசான் ராயாவ்'. 'மெராயாவ்' என்றால் பேச்சு மலாயில் சும்மா சுற்றித் திரிவது. எந்த மரம் எந்தக் குடும்பத்துடையது, எந்த ஓடை எவருடைய எல்லை என்று தெரிந்து, பருவம் பார்த்துப் போய்வருகிற நிலத்துக்குச் 'சுற்றித் திரியும் பகுதி' என்று பெயர் வைத்துவிட்டால், அதை எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபமாகிவிடுகிறது! நம் தோட்டங்களில் பெரியவர்கள் சிலர் வாயில் இன்னும் வரும் 'சக்காய்' என்ற சொல்லும் அந்த ரகம்தான். அது அம்மக்களை இழிவுபடுத்தும் சொல். அதை நாமாவது விட்டுவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், இன்றும் நடப்பில் இருப்பது 1954ஆம் ஆண்டு பூர்வகுடி மக்கள் சட்டம். அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளின் பக்கம் ஓராங் அஸ்லி போய்விடக் கூடாது என்ற கவலை இருந்த நாட்களில் வந்த சட்டம் அது. அதன் 8ஆம் பிரிவின்படி, ஓராங் அஸ்லி பகுதியில் குடியிருக்கும் உரிமை கொடுக்கப்பட்டாலும், அது மாநில அரசாங்கம் விரும்பும் வரை இருந்துவிட்டுப் போகும் குடியிருப்பாளரின் உரிமையைவிட மேலானது ஆகாது. 12ஆம் பிரிவு, அந்த நிலத்தைத் திரும்ப எடுத்தால் மாநில அரசாங்கம் இழப்பீடு 'கொடுக்கலாம்' என்கிறது. 'கொடுக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த 'லாம்' போதாது, சொத்தை எடுத்தால் போதிய இழப்பீடு தர வேண்டும் என்ற அரசியலமைப்பின் 13ஆம் விதியோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும் என்று அடோங் தீர்ப்பு சொன்னது. 2002ஆம் ஆண்டு சிலாங்கூரின் சாகோங் தாசி வழக்கும், 2005ஆம் ஆண்டு அதன் மேல்முறையீடும் இன்னும் ஒரு படி மேலே போய், தெமுவான் மக்களுக்கு நிலத்தின் மீதே உரிமை உண்டு என்றன. தீர்ப்புகள் இப்படி வந்துகொண்டே இருக்கின்றன. சட்டப் புத்தகத்தின் வரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கிராமமும் தனித்தனியாக வழக்குப் போட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, தான் அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மனித உரிமை ஆணையமான சுஹாக்காம் 2013ஆம் ஆண்டு பூர்வகுடி நில உரிமை குறித்த தேசிய விசாரணை அறிக்கையில் 18 பரிந்துரைகளை வைத்தது. அடுத்த ஆண்டே சட்டம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

"வேலையில் இருக்கும் வரை இரு, வேலை போனால் வீட்டைக் காலி செய்" என்று கேட்டுப் பழகிய நமக்கு 8ஆம் பிரிவை விளக்கத் தேவையில்லை. லயத்து வீட்டுக்கு வெள்ளையடித்தோம், வாசலில் முருங்கை வைத்தோம், கோயில் கட்டினோம், தமிழ்ப்பள்ளிக்கு மண் சுமந்தோம். தோட்டம் கைமாறியபோது நம் கையில் ஒரு காகிதமும் இல்லை. இன்று நாட்டின் பருவநிலைக் கொள்கை எழுதப்படும் புத்ராஜெயாவே பிராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்த இடம். அங்கிருந்த நம் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள்.

ஆனால் இந்த ஒற்றுமையை ஓர் அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. இந்த வட்டாரத்துக் காட்டை வெட்டிக் கித்தாத் தோட்டமாக்கிய கூலிக் கைகளில் நம் முன்னோர் கைகளும் உண்டு. முடிவு எடுத்தது கம்பெனி, காடு யாருடையது என்று நம்மவர்களை யாரும் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் நாம் இழந்தது வேலையோடு வந்த வீடு. அவர்கள் இழப்பது அவர்களுக்கு முன் யாருமே இல்லாத நிலம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் அவர்கள் நியாயமும் நீர்த்துப்போகும், நம் நியாயமும் நீர்த்துப்போகும்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் கஹாங்கில் திரும்பி, செம்பனைத் தோட்டங்களுக்கு ஊடே மண் சாலையில் 50 கிலோமீட்டருக்கு மேல் போனால் கம்போங் பேத்தா. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர் பக்க வாசல் அது. ஜாக்குன் கிராமம். 1977ஆம் ஆண்டு பகாங் பக்கத்தில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, இந்நாட்டின் முதல் பெரிய காட்டுப் பாதுகாப்புப் போராட்டங்களில் ஒன்று. 1985-86ஆம் ஆண்டுகளில் இயற்கைக் கழகம் அறிவியலாளர்களை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் பயணம் நடத்தியது. 1993ஆம் ஆண்டு ஜொகூர் பக்கத்தில் 48,905 ஹெக்டர் தேசியப் பூங்காவானது.

பூங்கா வந்தது நல்லதுதான். வராமல் இருந்தால் அங்கேயும் செம்பனைதான் நின்றிருக்கும். ஆனால் கோடு போட்டவுடன், கோட்டுக்கு முன்பே அங்கே இருந்தவர்கள் அனுமதி கேட்டு நுழைபவர்கள் ஆனார்கள். இன்று பேத்தா இளைஞர்கள் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். காட்டைப் பற்றிய அவர்கள் அறிவுக்குச் சம்பளம் உண்டு, அந்தக் காட்டில் அவர்களுக்குள்ள உரிமைக்கு மட்டும் பெயர் இல்லை. நிலத்துக்காக அவர்களும் நீதிமன்றப் படி ஏறியவர்கள்தான்.

பருவநிலை மாற்றம் வந்த பிறகு இந்தக் கோடு போடும் வேலை வேகமெடுத்திருக்கிறது. 1992ஆம் ஆண்டு ரியோ மாநாட்டிலிருந்தே, நிலப்பரப்பில் பாதியையாவது காடாக வைத்திருப்போம் என்று மலேசியா உலகத்துக்குச் சொல்லிவருகிறது. பொருளாதார உற்பத்திக்கு ஒப்பிட்ட கரிம வெளியேற்ற விகிதத்தை 2005ஆம் ஆண்டு நிலையிலிருந்து 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதும் நம் வாக்குறுதி. இந்த இரண்டு கணக்கிலும் காடு பெரிய வரவு. ஆனால் எது காடு?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். ஐ.நா. உணவு, வேளாண் நிறுவனத்தின் வரையறைப்படி செம்பனைத் தோட்டம் காடு அல்ல, ரப்பர் மரத் தோட்டம் காடு! நிரந்தர வனக் காப்பகத்துக்குள்ளேயே இயற்கைக் காட்டை மொட்டையடித்து, பாலும் பலகையும் தரும் ரப்பர் ரகங்களையோ அக்கேசியாவையோ வரிசையாக நட்டால் அதற்கு 'வனத் தோட்டம்' என்று பெயர். ஜொகூரிலும் இவை இருக்கின்றன. வரைபடத்தில் பச்சை நிறம் மாறாது, புள்ளிவிவரத்தில் காடு குறையாது. அங்கே பால் வெட்டப் போனவரிடம் கேளுங்கள், அது காடா தோட்டமா என்று சொல்வார். பன்றி உண்டா, பிரம்பு உண்டா, ஓடையில் மீன் உண்டா என்பதுதான் ஜாக்குன் மக்களின் அளவுகோல். 2021 டிசம்பரில் தேசிய நில மன்றம் தீபகற்பத்தில் புதிய வனத் தோட்டங்களுக்கு 15 ஆண்டுகள் தடை போட்டது. தாமதமான நல்ல முடிவு. ஆனால் முன்பே அனுமதி பெற்றவை அந்தத் தடைக்குள் வராது.

கிளந்தானில் குவா மூசாங் தெமியார் மக்கள் மரம் வெட்டுவதையும், டுரியான் உள்ளிட்ட பெருந்தோட்டங்களையும் எதிர்த்துச் சாலையில் மூங்கில் தடுப்புக் கட்டி நின்றது நினைவிருக்கலாம். அவர்களுக்காகக் கூட்டரசு அரசாங்கமே 2019 ஜனவரியில் கிளந்தான் மாநில அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஓராங் அஸ்லி நலன் கூட்டரசின் பொறுப்பு, நிலம் மாநிலத்தின் பொறுப்பு என்ற பிரிவினையில் அவர்கள் எப்படி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நமக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பு தண்ணீர். 2023 மார்ச் மாதத் தொடக்க வெள்ளத்தில் ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். குளுவாங், சிகாமட், பத்து பகாட், கோத்தா திங்கி என்று எதுவும் தப்பவில்லை. பத்து பகாட்டில் வாரக்கணக்கில் நீர் வடியவில்லை. மறுபக்கம், 2016 அக்டோபரில் லிங்கியூ நீர்த்தேக்கத்தின் நீர் அளவு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஜாக்குன் மக்களின் காட்டை மூழ்கடித்துக் கட்டிய அணையில் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீர்தான்! வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் இந்த நிலையைத்தான் பருவநிலை அறிவியலாளர்கள் எச்சரிக்கிறார்கள். மறுநடவுக்காகப் பழைய செம்பனையைச் சாய்த்த பிறகு பெய்யும் முதல் பெருமழையில் தோட்டத்து வாய்க்கால் எப்படிச் சிவந்து ஓடும் என்று தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மழையை வாங்கி, மெல்ல மெல்ல விடுவது மேட்டுக் காடு. அது இருந்தால் எல்லா வெள்ளமும் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெள்ளமும் இன்னும் கொஞ்சம் வேகமாக வரும், அவ்வளவுதான்.

அந்தக் காட்டை யார் காப்பார்கள்? லத்தீன் அமெரிக்காவைப் பற்றி உணவு, வேளாண் நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, பூர்வகுடி மக்களின் நிலங்களில், குறிப்பாகப் பட்டா கையில் இருக்கும் இடங்களில், காடழிவு குறைவு என்று காட்டியது. பட்டா என்ற சொல்லைக் கவனியுங்கள். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில் தொடங்கிய வெப்பமண்டலக் காட்டு நிதியத்தில், நாடுகளுக்குக் கிடைக்கும் தொகையில் குறைந்தது 20 விழுக்காடு பூர்வகுடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். விதியாக எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சபா சாட்சி. 2021 அக்டோபரில் அங்கே 20 லட்சம் ஹெக்டர் காட்டின் கரிமம் முதலியவற்றை 100 ஆண்டுகளுக்கு விற்க ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தக் காட்டில் இருந்த மக்கள் செய்தி வெளியே வந்த பிறகுதான் அறிந்தார்கள். மாநிலச் சட்டத் துறைத் தலைவரே பிறகு அது சட்டப்படி செல்லாத நிலையில் இருக்கிறது என்றார்.

பெருந்தோட்ட வேலையில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தின் செம்பனை எண்ணெயையும் ரப்பரையும் வாங்காது. விளைந்த நாட்டின் நிலச் சட்டமும் மூன்றாம் தரப்பினரின் உரிமையும் மதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நடைமுறைக்கு வருவது இருமுறை தள்ளிப்போயிருக்கிறது. வரும்போது, ஓராங் அஸ்லி நிலத் தகராறு தீராத இடத்தில் விளைந்த எண்ணெய்க்குக் கேள்வி வரும். அந்தக் கேள்வி கம்பெனியிடம் வந்தாலும் அடி விழுவது கடைசியில் வேலையாள் மேல்தான்.

தேசியப் பருவநிலை மாற்றச் சட்ட மசோதாவுக்கு 2024ஆம் ஆண்டு பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தும் பேச்சும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனி அமைச்சுகள், தனித்தனி மேசைகளில் வைத்துப் பார்க்கின்றன. அவை ஒன்றாகப் பார்க்கப்பட வேண்டும். ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு 2007ஆம் ஆண்டு ஆதரவாக வாக்களித்த நாடு நம் நாடு. முன்கூட்டியே விவரம் சொல்லி, வற்புறுத்தாமல் சம்மதம் கேட்க வேண்டும் என்பது அந்தப் பிரகடனத்தின் மையம். அந்தச் சம்மதம் இல்லாமல் எந்தக் காட்டின் கரிமமும் விற்கப்படக் கூடாது என்று மசோதாவில் ஒரு வரி வேண்டும். மாநிலத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நிதியில் கிராமத்துக்கு இத்தனை விழுக்காடு என்று எண்ணில் எழுதிய இன்னொரு வரி வேண்டும். அதற்கெல்லாம் முன்பாக, ஜொகூரில் ஓராங் அஸ்லி கிராமங்களின் எல்லையை, அவர்கள் போய்வரும் காட்டையும் சேர்த்து, அளந்து அரசிதழில் போட வேண்டும். எல்லை இல்லாமல் சம்மதம் யாரிடம் கேட்பது, பங்கை யாருக்குக் கொடுப்பது?

குளுவாங் வட்டாரத்தில் மெங்கிபோல், மக்கோத்தா, கஹாங், பாலோ முதலிய சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நம் வாக்கு இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் மானியம் கேட்டுப் போகும்போது, காட்டை வெட்டாமல் வைத்திருப்பதற்காக ஜொகூருக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு வந்தது, அதில் ஜாக்குன் கிராமங்களுக்கு எவ்வளவு போனது என்றும் நம் பிரதிநிதிகளிடம் கேட்கலாம். பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள்.